மெலனோமா சிகிச்சையில் பொறுமைசாலியாக இருக்காதீர்கள்

மெலனோமா என்ற தோல் புற்றுநோய் என்று தெரிந்த முதல் வாரத்தில் இரண்டு விதமான பேச்சு காதில் விழும். ஒன்று, "தோல்லதானே, வெட்டி எடுத்துட்டா முடிஞ்சுது" என்று மற்றவர்கள் சொல்வது. இன்னொன்று நடு ராத்திரியில் போனை வைத்துக்கொண்டு நாமே தேடிப் படிப்பது, அதைப் படித்தால் உடனே உயில் எழுதத்தான் தோன்றும். இரண்டுமே உங்கள் நிலைமைக்குப் பொருந்தாமல் போக நிறைய வாய்ப்பு இருக்கிறது. இந்த நோயில் ஒருவருடைய கதைக்கும் இன்னொருவருடைய கதைக்கும் நடுவில் சில நேரம் ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். அந்த மில்லிமீட்டர் உங்கள் ரிப்போர்ட்டில் என்னவென்று தெரியும் வரை யாருடைய ஆறுதலையும், யாருடைய பயமுறுத்தலையும் முழுசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எனக்கு வந்தது உள்ளங்காலில், குதிகாலுக்குச் சற்று முன்னால். கறை மாதிரி ஒரு கறுப்பு. செருப்பு அழுத்தி ரத்தம் கட்டியிருக்கும் என்று வீட்டில் சொன்னார்கள், அப்புறம் அது நடுவில் தடித்துக் கசிய ஆரம்பித்ததும், காட்டிய இடத்தில் ஆணிக்கால் என்று சொல்லி பிளாஸ்திரி கொடுத்தார்கள். தோல் உரிந்ததே தவிர கறுப்பு போகவில்லை. கடைசியில் ஒரு தோல் மருத்துவர் தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மாஸ்கோப்பை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். உள்ளங்கால் ரேகையில் மேடும் பள்ளமும் இருக்கும் இல்லையா, சாதாரண மச்சம் என்றால் நிறம் பெரும்பாலும் பள்ளத்தோடு ஓடும், உங்களுக்கு மேட்டின் மேல் ஓடுகிறது, பயாப்ஸி எடுத்துவிடுவோம் என்றார்.

இந்த வகைக்கு அக்ரல் மெலனோமா என்று பெயர். உள்ளங்கை, உள்ளங்கால், நகத்துக்கு அடியில் வரும். கறுத்த தோல்காரர்களுக்கு மெலனோமா வருவதே குறைவு, ஆனால் வந்தால் பெரும்பாலும் இந்த மாதிரி இடங்களில்தான் வரும். வெயிலுக்கும் இதற்கும் பெரிய தொடர்பு இல்லை. பாப் மார்லிக்கு 1977-ல் கால் விரல் நகத்துக்கு அடியில் கண்டுபிடித்தது இதைத்தான், 1981-ல் இறக்கும்போது அவருக்கு வயது 36. "வெயில்ல ரொம்பத் திரிஞ்சியா, என்ன பண்ணினே?" என்று உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் உறவினர்களுக்கு இதைச் சொல்லலாம். வெயில் காரணமாக வந்தவர்களையும் அப்படிக் கேட்கக் கூடாது என்பது வேறு விஷயம்.

சரி, ரிப்போர்ட்டுக்கு வருவோம். பயாப்ஸியில் எடுத்த திசுவைப் பரிசோதித்து எழுதும் பாத்தாலஜி ரிப்போர்ட்டின் நகலை முதலில் கையில் வாங்குங்கள், "டாக்டரிடம் இருக்கிறது" என்பது போதாது. அதில் தேட வேண்டிய முதல் எண் பிரெஸ்லோ தடிமன். கட்டி தோலுக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதை மில்லிமீட்டரில் சொல்வது அது. ஒரு மில்லிமீட்டருக்குள், ஒன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து நான்கு, நான்குக்கு மேல் என்று வகை பிரிப்பார்கள். அடுத்தது அல்சரேஷன், அதாவது கட்டியின் மேல்தோல் சிதைந்திருக்கிறதா என்பது. அது இருந்தால் அதே தடிமனுக்கும் ஆபத்து ஒரு படி கூடும். அப்புறம் ஓரங்களில் கட்டி மிச்சமிருக்கிறதா என்ற குறிப்பு. எனக்குத் தடிமன் இரண்டைச் சற்றுத் தாண்டியிருந்தது, அல்சரேஷனும் இருந்தது. இந்த இரண்டு வரி தெரிந்ததும், அதுவரை நான் படித்ததில் முக்கால்வாசி எனக்கானது இல்லை என்று புரிந்தது. பயம் குறைந்தது என்று சொல்லமாட்டேன், ஆனால் எதற்குப் பயப்படுவது என்று தெரிந்தது.

மச்சத்துக்கும் மெலனோமாவுக்கும் நடுவில் இருக்கும் கட்டிகளை மைக்ராஸ்கோப்பில் பிரித்துச் சொல்வது நிபுணர்களுக்கே கடினமான வேலை. அதனால் ஸ்லைடையும், மெழுகில் பதித்து வைத்திருக்கும் திசுத் துண்டான பிளாக்கையும் தோல் கட்டிகளையே தொடர்ந்து பார்க்கும் இன்னொரு பாத்தாலஜிஸ்டிடம் அனுப்பிக் கருத்துக் கேட்பதில் தப்பே இல்லை. டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்குவோம். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ளமாட்டார். பயாப்ஸிக்கும் பெரிய அறுவைக்கும் இடையே சில வாரங்கள் ஆவது சாதாரணம். அந்த இடைவெளியில் கட்டி உடம்பெல்லாம் ஓடிவிடும் என்று நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதற்குப் பதில் இந்த மாதிரி வேலைகளை முடித்துவிடலாம். மாதக்கணக்கில் தள்ளிப்போடுவது மட்டும் வேண்டாம்.

அறுவைக்கு முன்னால் கட்டாயம் கேட்க வேண்டிய ஒரு கேள்வி: சென்டினல் நோட் பயாப்ஸி எனக்குத் தேவையா, தேவை என்றால் இதே அறுவையில் செய்கிறீர்களா? தென்னை மரத்தில் தேள் கொட்டினால் பனை மரத்தில் நெறி கட்டும் என்று கேலியாகச் சொல்வோம். உடம்புக்குள் அப்படி இல்லை, காலில் கொட்டினால் எந்த நெறி முதலில் கட்டும் என்பதற்கு ஒரு வழித்தடம் இருக்கிறது. கட்டி இருந்த இடத்தில் கொஞ்சம் கதிரியக்க மருந்தையும் நீலச் சாயத்தையும் ஊசியால் செலுத்தி, அது முதலில் போய்ச் சேரும் நிணநீர் முடிச்சை எடுத்துப் பார்ப்பார்கள். தடிமன் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டினால் பொதுவாகப் பரிந்துரைப்பார்கள், 0.8-லிருந்து ஒன்று வரை என்றால் பேசி முடிவெடுப்பார்கள். சுற்றியுள்ள தோலை அகலமாக வெட்டி எடுத்த பிறகு அந்த வழித்தடம் கலைந்துபோகலாம், அதனால்தான் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்வது. முதலில் வெட்டிவிடலாம், நெறியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

அறுவை முடிந்த மறுநாள் சிறுநீர் பச்சையாகப் போகும், அந்த நீலச் சாயத்தால். எனக்கு யாரும் முன்னால் சொல்லவில்லை, பார்த்ததும் குலை நடுங்கிவிட்டது. கட்டி இருந்த இடத்தைச் சுற்றி ஒன்றிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் வரை நல்ல தோலையும் சேர்த்து எடுப்பார்கள், தடிமனைப் பொறுத்து. முதுகில் என்றால் இழுத்துத் தைத்துவிடலாம். உள்ளங்காலில் இழுக்கத் தோல் ஏது, தொடையிலிருந்து மெல்லிய தோலைச் சீவி எடுத்து ஒட்டினார்கள். ஒட்டிய இடம் வலிக்கும் என்று தயாராக இருந்தேன், அது மரத்துப் போய்க் கிடந்தது. எரிந்தது தோல் எடுத்த தொடைதான், சிராய்த்துக்கொண்ட முழங்காலில் உப்பு பட்டது போல. ஒட்டின் மேல் ஒரு பஞ்சுப் பொதியை வைத்துச் சுற்றிலும் தைத்து அழுத்தியிருந்தார்கள், கிட்டத்தட்ட ஒரு வாரம் கழித்துத்தான் பிரித்தார்கள். பிரித்தபோது தெரிந்தது கருஞ்சிவப்பாக ஒரு குழி. அழுகிவிட்டது என்று நினைத்தேன், நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டு "நல்லாப் பிடிச்சிருக்கே" என்றார். அந்தக் காலைத் தொங்கப் போட்டால் ஒரு நிமிடத்தில் ரத்தம் இறங்கி விண்விண் என்று தெறிக்கும், ஆகவே கழிப்பறைக்குப் போய் வரும் தூரத்துக்கு மேல் முதல் சில வாரம் திட்டம் எதுவும் போடாதீர்கள், நாற்காலிக்கு எதிரே கால் வைக்க இன்னொரு நாற்காலி தயாராக இருக்கட்டும்.

எடுத்த முடிச்சில், மைக்ராஸ்கோப்பில் மட்டும் தெரியும் அளவுக்குக் கொஞ்சம் செல்கள் இருந்தன. அதோடு என் நோய் மூன்றாம் நிலை ஆனது. முன்பெல்லாம் இப்படித் தெரிந்தால் அந்தப் பகுதி முடிச்சுகளை மொத்தமாக வாரி எடுப்பார்கள். 2017-ல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு, அப்படி எடுப்பதால் உயிர் பிழைப்பவர்கள் கூடுவதில்லை என்று காட்டியது. இப்போது பெரும்பாலும் அல்ட்ராசவுண்டு வைத்துக் கண்காணிக்கிறார்கள். மொத்தமாக எடுத்தால் கால் வீக்கம் நிரந்தரமாகவே தங்கிவிடும் ஆபத்து இருக்கிறது, அதனால் எடுக்கச் சொன்னால் காரணத்தை விவரமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கையால் தடவித் தெரியும் அளவுக்குப் பெருத்த முடிச்சு என்றால் கணக்கே வேறு.

மரபணுப் பரிசோதனை. மெலனோமாக்காரர்களில் ஏறக்குறைய பாதிப் பேருடைய கட்டியில் பிராஃப் என்ற மரபணுவில் மாற்றம் இருக்கும், அதற்கென்றே மாத்திரைகள் இருக்கின்றன. அக்ரலில் அது குறைவு, சிலருக்கு கிட் என்ற மரபணுவில் மாற்றம் இருக்கலாம். மூன்றாம் நிலை, நான்காம் நிலை என்றால் இந்தப் பரிசோதனை நடந்துவிட்டதா என்று கேளுங்கள், எடுத்து வைத்திருக்கும் அதே பிளாக்கிலேயே செய்துவிடலாம்.

இனி மருந்து. எல்லோரும் "கீமோ எப்ப?" என்று கேட்பார்கள். முடி கொட்டும், வாந்தி வரும் என்று அவர்கள் மனதில் ஒரு படம் இருக்கிறது. எனக்குக் கொடுத்தது இம்யூனோதெரபி, பெம்ப்ரோலிஸுமாப், மூன்று வாரத்துக்கு ஒருமுறை, அரை மணி நேர டிரிப்ஸ், ஓராண்டுத் திட்டம். இது புற்றுநோய் செல்லை நேரடியாகக் கொல்லும் மருந்து இல்லை. நம் எதிர்ப்பு செல்களை அடக்கி வைக்கும் பிடி-1 என்ற ஒன்றைத் தடுத்து அவற்றை அவிழ்த்துவிடுகிறது. இப்படி அடக்கி வைப்பதைத் தடுத்துப் புற்றுநோய்க்குச் சிகிச்சை செய்யும் வழியைக் கண்டறிந்ததற்காகத்தான் ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுக்கு ஹோஞ்சோவுக்கும் 2018-ல் நோபல் பரிசு கிடைத்தது. அவிழ்த்துவிட்ட செல் புற்றுநோயை மட்டும்தான் தாக்கும் என்று உத்தரவாதம் கிடையாது. குடல், நுரையீரல், கல்லீரல், தைராய்டு, பிட்யூட்டரி, மூட்டு, அபூர்வமாக இதயம், எங்கே வேண்டுமானாலும் திரும்பலாம்.

நான் இதை எழுத உட்கார்ந்ததே இந்த இடத்துக்காகத்தான். சின்ன வயதிலிருந்து நமக்குச் சொல்லிக் கொடுத்தது பொறுத்துக்கொள்ள. வலித்தால் பல்லைக் கடித்துக்கொள், டாக்டரைத் தொந்தரவு செய்யாதே, அடுத்த தடவை போகும்போது கேட்டுக்கொள்ளலாம். நல்ல நோயாளி என்றால் புலம்பாதவர். இந்த மருந்தில் அந்த நல்ல நோயாளிதான் ஐசியூவில் போய்ப் படுப்பார். ஆரம்பத்தில் சொன்னால் மாத்திரையில் அடங்குகிற விஷயம், பத்து நாள் பொறுத்தால் ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய விஷயமாகிவிடும்.

எனக்கு வயிற்றுப்போக்கு வந்தது. சாதாரணமாகத்தான் ஆரம்பித்தது, ஏதோ சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் மாத்திரையை எடுத்து நீட்டினார்கள். அதற்கு முன் சிகிச்சைப் பிரிவுக்குப் போன் செய்தேன்.

"நேத்து எத்தனை தடவை போனீங்க?"

"அஞ்சாறு தடவை இருக்கும் சிஸ்டர்."

"வழக்கமா எத்தனை?"

"ஒரு தடவைதான்."

"ரத்தம், சளி மாதிரி ஏதாவது? ராத்திரி எழுந்து போறீங்களா?"

கேள்விகள் எல்லாமே எண்ணிக்கையைச் சுற்றித்தான் வந்தன, வழக்கத்தைவிட எத்தனை தடவை கூடுதல் என்பதை வைத்துத்தான் அவர்கள் தீவிரத்தைத் தரம் பிரிக்கிறார்கள். "கொஞ்சம் வயிறு சரியில்லை" என்று சொல்லியிருந்தால் யாருக்கும் ஒன்றும் விளங்கியிருக்காது. அன்றைக்கே வரச் சொல்லிப் பரிசோதித்து, குடல் அழற்சி என்று ஸ்டீராய்டு தொடங்கினார்கள். வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையை நாமாகப் போட்டுக்கொண்டால் எண்ணிக்கை குறைந்து காட்டும், உள்ளே அழற்சி ஓடிக்கொண்டிருக்கும். கேட்காமல் போடாதீர்கள்.

அன்றைக்கே போன் செய்ய வேண்டியவை என்று நான் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருந்தது இது: வழக்கத்தைவிடக் கூடுதலாக வயிற்றுப்போக்கு, புதிதாக வந்த இருமல் அல்லது மூச்சு வாங்குதல், நெஞ்சு வலி, விடாத தலைவலி, பார்வை மாற்றம், கண் மஞ்சள், சிறுநீர் கறுத்துப் போவது, அடங்காத தாகமும் அடிக்கடி சிறுநீரும், எழுந்து நிற்கவே முடியாத அசதி, கொப்புளம் விடும் அரிப்பு, கண் இமை தொங்குவது. இதில் அசதிதான் ரொம்ப ஏமாற்றும். எல்லோரும் சிகிச்சையின் களைப்பு என்பார்கள். எனக்கு அது தைராய்டு படுத்துவிட்டதால் வந்தது, ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது, இப்போது தினம் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, ஆயுசுக்கும். சிலருக்கு அசதியின் காரணம் அட்ரினல் சுரப்பியோ பிட்யூட்டரியோ ஆக இருக்கும், அதைக் கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து.

இன்னொன்றும் உண்டு. மருந்தை நிறுத்திப் பல மாதம் கழித்தும் இவை வரலாம். அதனால் பல் டாக்டரோ, காய்ச்சலுக்குப் பார்க்கும் டாக்டரோ, ராத்திரியில் அவசரப் பிரிவில் இருப்பவரோ, யாராக இருந்தாலும் முதல் வாக்கியமே "நான் இம்யூனோதெரபி எடுத்தவர்" என்று இருக்கட்டும். கீமோ என்று மட்டும் சொல்லாதீர்கள், அவர்கள் வேறு திசையில் யோசிப்பார்கள். மருந்தின் பெயர், கடைசியாக ஏற்றிய தேதி, புற்றுநோய் டாக்டரின் எண் மூன்றையும் ஒரு அட்டையில் எழுதிப் பர்ஸில் வையுங்கள்.

ஸ்டீராய்டு என்றதும் எனக்கு வந்த பயம், புற்றுநோய் மருந்தின் பலனையும் இது அழித்துவிடுமோ என்பது. பக்கவிளைவை அடக்கக் கொடுத்த ஸ்டீராய்டால் பலன் போய்விடுவதாகப் பெரும்பாலான ஆய்வுகளில் தெரியவில்லை என்று டாக்டர் விளக்கினார். பக்கவிளைவைக் கட்டுப்படுத்தாமல் விடுவதுதான் நிச்சயமான கெடுதல். வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைப்பார்கள், பட்டென்று நிறுத்தக் கூடாது. அந்த வாரங்களில் தூக்கம் வராது, சர்க்கரை ஏறலாம், மூக்குக்கு மேல் கோபம் வரும். வீட்டில் இருப்பவர்களை முன்கூட்டியே எச்சரித்து வைப்பது நல்லது (நான் யாரிடம் எதற்குக் கத்தினேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை).

"எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்" மூலிகைப் பொடிகள் அன்போடு வந்து குவியும். ஏற்கெனவே மருந்து அதைத்தான் அவிழ்த்துவிட்டிருக்கிறது, மேலே எதையாவது போட்டால் கல்லீரல் எண்கள் ஏறும்போது எதனால் ஏறியது என்று கண்டுபிடிக்க முடியாமல் போகும். வாங்கி வையுங்கள், நன்றி சொல்லுங்கள், சாப்பிடாதீர்கள். அப்படியே எதையாவது சாப்பிட்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

பிராஃப் மாத்திரைகள் எடுப்பவர்களுக்கு என் அனுபவம் பொருந்தாது. டாப்ராஃபெனிப், டிராமெட்டினிப் ஜோடியில் காய்ச்சல் அடிக்கடி வரும் என்பது தெரிந்த விஷயம். காய்ச்சல் வந்தால் மாத்திரையை நிறுத்தி வைப்பதா, யாருக்குப் போன் செய்வது என்பதை முதல் டப்பா வாங்கும் நாளிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் இருப்பவர்கள் எந்த மருந்தாக இருந்தாலும் தொடங்குவதற்கு முன்பே கருமுட்டை, விந்து சேமிப்பு பற்றிப் பேசிவிட வேண்டும். கூச்சத்தில் டாக்டரும் கேட்கமாட்டார், நாமும் கேட்கமாட்டோம், அப்புறம் நேரம் போய்விடும்.

புள்ளிவிவரம் படிப்பதை நிறுத்த முடியாது, நானும் நிறுத்தவில்லை. ஆனால் எந்த எண்ணைப் பார்த்தாலும் அது எந்த ஆண்டு நோயாளிகளுடையது என்று பாருங்கள். 2011-க்கு முன் நான்காம் நிலை மெலனோமாவில் பாதிப் பேர் ஓராண்டு கூடத் தாண்டவில்லை. அந்த ஆண்டில்தான் இபிலிமுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்து வந்தது, 2014-ல் பெம்ப்ரோலிஸுமாபும் அதே மாதிரியான நிவோலுமாபும். இபிலிமுமாப், நிவோலுமாப் இரண்டையும் சேர்த்துக் கொடுத்த ஆய்வின் பத்தாண்டு முடிவு 2024-ல் வெளியானது: முற்றிய நிலையில் சிகிச்சை தொடங்கியவர்களில் 43 சதவீதம் பேர் பத்தாண்டு கழித்தும் உயிரோடு இருந்தார்கள். அக்ரலில் இந்த மருந்துகளின் பலன் மற்ற வகைகளைவிடக் குறைவு என்பதையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு அது பிடிக்காத உண்மை. யாராவது "எங்க மாமாவுக்கு இதேதான்" என்று ஆரம்பித்தால் எந்த வகை, எந்த நிலை, எந்த வருஷம் என்று மூன்று கேள்வி கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும். அதே நோய் வந்தவர்களோடு பேசுவது வேறு மாதிரி. ஸ்கேனுக்கு முதல் வாரம் ஏன் யாரோடும் பேசப் பிடிக்கவில்லை என்று அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் அவர்களிடமும் அதே மூன்று கேள்வியைக் கேட்டுக்கொண்டு அப்புறம் ஒப்பிடுங்கள்.

ஸ்கேன் பயம் போகாது. அதைக் குறைக்க எனக்கு உதவியது ஒன்றுதான்: ஸ்கேனுக்குத் தேதி வாங்கும்போதே ரிசல்ட் பேசும் தேதியையும் வாங்கிவிடுவது, முடிந்தால் இரண்டொரு நாளுக்குள். ரிசல்ட் போனில் முதலில் வந்துவிட்டால் தனியாகப் பிரித்துப் படிக்க வேண்டாம். இம்யூனோதெரபி எடுப்பவர்களில் சிலருக்கு நெஞ்சில் முடிச்சுகள் வெறும் அழற்சியால் பெருத்து, பெட் ஸ்கேனில் புற்றுநோய் போலவே ஒளிரும். எனக்கு அப்படி ஒன்று ஒளிர்ந்து, மறுபடி பார்த்து, ஒன்றுமில்லை என்று ஆனது. அந்த இடைப்பட்ட வாரங்களில் உடன் வந்தவர் டாக்டர் சொன்னதை நோட்டில் எழுதி வைத்திருந்ததுதான் துணை. எனக்கு "ஒளிருது" என்ற சொல்லுக்கு அப்புறம் எதுவும் காதில் விழவில்லை. அதனால் துணைக்கு ஆள் கூட்டிப் போகும்போது எழுதத் தெரிந்தவராக, கூடவே அழாதவராகப் பார்த்துக் கூட்டிப் போங்கள்.

இப்போது மாதம் ஒருமுறை குளித்த பிறகு தழும்பைச் சுற்றியும், அதிலிருந்து தொடை வரைக்கும், தொடை இடுக்கிலும் விரலால் தடவிப் பார்க்கிறேன். அந்தப் பாதையில் பட்டாணி போல ஏதாவது உருளுகிறதா என்பதுதான் தேடல். முதுகையும் தலையையும் வேறொருவர் பார்க்க வேண்டும். மச்சங்களை ஒரு ஸ்கேலைப் பக்கத்தில் வைத்துப் போனில் படம் எடுத்து வைத்தால், வளர்ந்ததா இல்லையா என்று அடுத்த முறை சண்டை வராது. ஒருமுறை மெலனோமா வந்தவருக்குப் புதிதாக இன்னொன்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம், அதனால் தோல் மருத்துவரிடம் போவது சிகிச்சையோடு முடிவதில்லை. கூடப் பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் ஒருமுறை காட்டிவிட்டு வரச் சொல்லுங்கள். போகும்போது நகப்பூச்சை அழித்துவிட்டு, செருப்பையும் சாக்ஸையும் கழற்றி உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் காட்டச் சொல்லுங்கள், பல இடங்களில் கேட்டால்தான் அங்கே பார்க்கிறார்கள்.